பங்கு கேட்கும் பெட்டிகள்

பங்கு என்றதும் மற்றவர்களுக்கு நிலமும் வீடும் நினைவுக்கு வரலாம். காசிமேட்டுப் பக்கத்துப் பிள்ளைகளாகிய எங்களுக்கு நினைவுக்கு வருவது மீன்தான். விசைப்படகு கரை சேர்ந்து, ஏலம் முடிந்து, டீசலுக்கும் ஐசுக்கும் அரிசி பருப்புக்கும் ஆன செலவைக் கழித்துவிட்டு, மிஞ்சியதைப் படகுக்காரர் பங்கு என்றும் ஆள் பங்கு என்றும் பிரிப்பார்கள். படகில் ஓர் ஆள் கூடினால் ஒவ்வொருவர் கையிலும் விழும் தொகை குறையும். இதற்குச் சூத்திரம் தேவையில்லை. எங்கள் தெருவில் ஐந்து வயதுக் குழந்தைக்கும் தெரிந்த கணக்கு இது. ஆகவே, ஒரு ரேடியோப் பெட்டிக்குப் பின்னால் இரண்டு ஒலிபெருக்கிகளுக்குப் பதிலாக நான்கைப் பொருத்தினால் ஒவ்வொன்றுக்கும் பாதிதான் கிடைக்கும் என்று எங்கள் வீட்டில் எல்லாரும் நினைத்ததில் வியப்பில்லை. இயற்பியல் படிக்காத எவரும் அப்படித்தான் நினைப்பார்கள். படித்தவர்களிலும் சிலர் அப்படி நினைக்கிறார்கள் என்பதைப் பெயர் சொல்லாமல் இங்கே குறிப்பிட்டுவிடுகிறேன்!

பெட்டி என்று நான் சொல்வது என் தாய்மாமனுடைய ஸ்டீரியோ ரிசீவரை. வானொலி, பெருக்கி, ஒலிபெருக்கிகளை மாற்றும் குமிழ் எல்லாம் ஒரே கூட்டுக்குள் அடங்கிய கருவிக்கு அந்தப் பெயர். 1970களில் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் இவற்றுக்குப் பொற்காலம். நம் நாட்டில் அப்போது இறக்குமதிக் கட்டுப்பாடு கடுமை. துறைமுகத்தை ஒட்டி வாழ்ந்தவர்களுக்குப் பர்மா பஜாரும் கப்பல்காரர்களுமே வழி. திருவொற்றியூரில் மைக் செட் கடை வைத்திருக்கும் மாமா, 1986இல் கப்பல் வேலையிலிருந்து திரும்பிய ஒருவரிடம் தவணை முறையில் இதை வாங்கினாராம். வெள்ளி நிற முகப்பு, மரக்கூடு, தூக்கினால் முதுகு பிடித்துக்கொள்ளும் கனம். மின்சாரம் கொடுத்தவுடன் பாடாது. சில விநாடி யோசித்து, உள்ளே ‘டக்’ என்று ஓர் ஓசை கேட்ட பிறகுதான் பாடும். ஒலிபெருக்கிகளைக் காப்பதற்காக வைத்திருக்கும் ரிலேயின் ஓசை அது. அந்த ஓசையைக் கேட்பதற்காகவே சிறு வயதில் நான் அதை அணைத்து அணைத்துப் போட்டதுண்டு.

மாமா வாங்கும்போதே ஒன்றைக் கவனித்து வாங்கியிருக்கிறார். ஜப்பானுக்குள் விற்பதற்கென்று செய்த பெட்டிகளில் பண்பலை 76 முதல் 90 மெகாஹெர்ட்ஸ் வரைதான் இருக்கும். இது ஏற்றுமதிக்குச் செய்தது. 88 முதல் 108 வரை உள்ளது. சென்னையில் பண்பலை ஒலிபரப்பு 1977இல் தொடங்கியது. முந்தைய வகையை வாங்கியவர்கள் நம் ஊர் நிலையத்தைத் தேடித் தேடிக் களைத்திருப்பார்கள்.

இந்த ஆண்டின் தொடக்கத்தில் எங்கள் ஆயா வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். பல்லாண்டுகள் கூடையைத் தலையில் சுமந்து தெருத்தெருவாக மீன் விற்ற உடம்பு, இப்போது பின்னறைக் கட்டிலோடு இருக்கிறது. மாலையில் பழைய திரைப்பாடல் கேட்பது அவருக்கு வழக்கம். ரிசீவர் இருப்பதோ முன்னறையில். பாட்டு அடுப்படியைத் தாண்டிப் பின்னறைக்குப் போய்ச் சேர்வதற்குள் குக்கர் விசிலும் குழாயடிப் பேச்சும் அதை விழுங்கிவிடும். கைப்பேசியைக் கொடுக்கலாமே என்று கேட்பீர்கள். கொடுத்துப் பார்த்தோம். அதன் கீச்சொலி அவருக்கு எட்டவில்லை. முதுமையில் முதலில் குறைவது உயர்ந்த அதிர்வெண்களைக் கேட்கும் ஆற்றல். கைப்பேசியின் கடுகளவு ஒலிபெருக்கியோ அந்த உயர்ந்த அதிர்வெண்களை மட்டுமே நன்றாகத் தருகிறது.

பின்னறைக்குத் தனியாக ஒரு சோடி ஒலிபெருக்கி போட்டுவிடலாம் என்றேன். ஆயா மறுத்துவிட்டார்.

“எனக்கு ஒரு பங்கு குடுத்தா உங்களுக்குக் கொறஞ்சு போவும். புள்ளைங்க கேக்கறத நான் இன்னாத்துக்குக் கெடுக்கணும்? வேணாம் கண்ணு.”

அவர் சுபாவம் அது. குழம்பில் நல்ல துண்டு அவர் தட்டில் விழுந்து நான் பார்த்ததில்லை. எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். நான் இங்கே சேர்ந்த ஆண்டில் ஆயாவின் காதிலிருந்த கம்மல் காணாமல் போனது. யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. ஆகவே இந்த ஒரு விஷயத்திலாவது அவருடைய பங்கினால் எங்களுக்கு ஒன்றும் குறையாது என்று காட்டிவிட வேண்டும் என்ற பிடிவாதம் எனக்கு வந்துவிட்டது.

ரிசீவரின் முகப்பில் ஒரு குமிழ் உண்டு. ‘ஏ’, ‘பி’, ‘ஏ+பி’ என்று மூன்று நிலைகள். முதல் சோடி மட்டும், இரண்டாம் சோடி மட்டும், இரண்டும் சேர்ந்து என்று பொருள். நல்ல பெருக்கி, தன் வாயில் மாட்டியிருப்பது எது என்று பார்ப்பதில்லை. ஒலிக் குமிழை ஓரிடத்தில் வைத்துவிட்டால், இசைக்கு ஏற்ற மின்னழுத்தத்தை அது தருகிறது. அவ்வளவே. எவ்வளவு மின்னோட்டம் எடுப்பது என்பது ஒலிபெருக்கியின் பாடு. மின்னழுத்தம் 8 வோல்ட்டு என்று வைத்துக்கொள்வோம். 8 ஓம் ஒலிபெருக்கி 1 ஆம்பியர் எடுக்கும்; திறன் 8 வாட்டு. ‘ஏ+பி’ நிலையில் பக்க இணைப்பாக இன்னொரு 8 ஓம் வந்து சேர்ந்தால் அதுவும் 1 ஆம்பியர், 8 வாட்டு. முதல் பெட்டிக்குக் கிடைத்தது குறைந்ததா? ஒரு துளியும் இல்லை. கூடியது பெருக்கியின் சுமை. 8 வாட்டு கொடுத்த இடத்தில் அது இப்போது 16 வாட்டு கொடுக்கிறது. ஆக, பெருக்கி யாருக்கும் பங்கு பிரிப்பதில்லை. ஒவ்வொரு பெட்டியும் தன் மின்தடைக்குத் தக்கபடி தானே எடுத்துக்கொள்கிறது.

இதை ஆயாவிடம் சூத்திரமாகச் சொல்ல முடியுமா? “பக்கத்து வூட்ல லைட்டு போட்டா நம்ம வூட்டு லைட்டு மங்குதா ஆயா? அதே மாதிரிதான் இதுவும்” என்றேன். வீட்டு இணைப்புகள் எல்லாம் பக்க இணைப்புத்தானே! ஆயா சிறிது நேரம் விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“கத்திரி வெயில்ல மங்குதே கண்ணு. எல்லாரும் ஏசி போட்டா மங்குது. டிரான்ஸ்பாரம் வெடிச்சு ராத்திரி முச்சூடும் கரெண்டு இல்லாம கெடந்தமே.”

நண்பர்களே, நம் பாடநூலில் ஒரு பத்தியில் வருவதை என் ஆயா ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். நான் சொன்ன கணக்கு, மின்னழுத்தம் தளராமல் நிற்கும் வரையில்தான் சரி. பெருக்கிக்குள்ளும் ஒரு மின்மாற்றி இருக்கிறது. அதற்கும் ஓர் எல்லை இருக்கிறது. அந்த எல்லையைத் தாண்டி இழுத்தால் மின்னழுத்தம் தளரும். அப்போது எல்லாப் பெட்டிகளுக்கும் சேர்த்தே குறையும். அதற்கு முன்பாகவே பெரும்பாலும் டிரான்சிஸ்டர் சூடேறிப் போய்விடும்.

அந்த எல்லை எங்கே என்பதைப் பெட்டியின் முதுகிலேயே அச்சிட்டிருக்கிறார்கள். ‘ஏ’ அல்லது ‘பி’ மட்டும் என்றால் 4 முதல் 16 ஓம் வரை மாட்டலாம். ‘ஏ+பி’ என்றால் ஒவ்வொன்றும் 8 முதல் 16 ஓம் வரை இருக்க வேண்டும். இரண்டு 8 ஓம் பக்க இணைப்பில் 4 ஓம் ஆகிறது. ஆக, எப்படி மாட்டினாலும் மொத்தம் 4 ஓமுக்குக் கீழே போகக் கூடாது என்பதுதான் அந்த அறிவிப்பின் சாரம். எங்கள் ரிசீவர் பக்கத்துக்கு 35 வாட்டு தருவது. 8 ஓமில் 35 வாட்டு என்றால் ஏறத்தாழ 17 வோல்ட்டு, 2 ஆம்பியர். 4 ஓம் ஆனால் அதே 17 வோல்ட்டுக்கு 4 ஆம்பியர் வேண்டும். அதையும் கீழே கொண்டுபோனால் என்ன ஆகும் என்பதற்குக் கத்திரி வெயில் உதாரணமே போதும்.

இந்த ‘35 வாட்டு’ என்ற எண்ணைப் பற்றியும் ஒரு வார்த்தை. எங்கள் தலைமுறை, கைக்கு அடக்கமான பெட்டியின் மேல் ஆயிரக்கணக்கான வாட்டு என்று ஒட்டியிருப்பதைப் பார்த்துச் சிரித்துப் பழகிய தலைமுறை. அமெரிக்காவிலும் ஒரு காலத்தில் அப்படித்தான் அளந்துவிட்டார்கள். 1974இல் அந்நாட்டுக் கூட்டரசு வணிக ஆணையம் ஒரு விதி கொண்டுவந்தது. சொல்லும் வாட்டைத் தொடர்ந்து கொடுத்துக் காட்ட வேண்டும். இரண்டு பக்கமும் ஒருசேர ஓட வேண்டும். அதற்கு முன் மூன்றில் ஒரு பங்குத் திறனில் ஒரு மணி நேரம் ஓடிச் சூடேற வேண்டும். ஏன் மூன்றில் ஒரு பங்கு? முழுத் திறனில் ஓடும்போதைவிட அந்த நிலையில்தான் டிரான்சிஸ்டர்கள் அதிகம் வேகின்றன! சோதனையில் தேற வேண்டுமே என்று நிறுவனங்கள் பெரிய மின்மாற்றியும் கனத்த அலுமினியத் தகடுகளும் வைத்துச் செய்தார்கள். அதன் பிறகு போட்டி முற்றி, 1978இல் பயனியர் நிறுவனம் பக்கத்துக்கு 270 வாட்டு தரும் ரிசீவரை வெளியிட்டது. மாமாவின் பெட்டி அதற்குக் கொள்ளுப்பேரன் முறை ஆகலாம். ஆனாலும் அந்த விதிக்குப் பிறகு பிறந்தது என்பதால் அதன் 35ஐ நான் நம்புகிறேன்.

இனி, பின்னறைக்கு எங்களிடம் இருந்த ஒலிபெருக்கிகளின் கதை. பழைய இரும்புக் கடையில் உடைத்துப் போட்ட ஒரு காரிலிருந்து எடுத்த ஒரே மாதிரியான இரண்டு. ஒவ்வொன்றும் 4 ஓம். கார் ஒலிபெருக்கிகள் பெரும்பாலும் 4 ஓமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. காரின் மின்கலம் 12 வோல்ட்டு மட்டுமே. மின்னழுத்தம் குறைவாக இருக்கும் இடத்தில் திறன் வேண்டுமென்றால் மின்தடையைக் குறைத்தாக வேண்டும். மீட்டரை வைத்துப் பார்த்தேன். 4 ஓம் என்றது 3.4 காட்டியது. முன்னறையின் 8 ஓம் பெட்டி 6.4 காட்டியது. மீட்டர் பொய் சொல்லவில்லை. அது அளப்பது நேர்மின்னோட்டத்துக்கான தடையை. பெட்டியில் எழுதியிருப்பது, மாறும் மின்னோட்டத்துக்கு அது காட்டும் மின்மறுப்பின் பொதுவான அளவு. பாட்டின் சுருதிக்குத் தக்கபடி அது ஏறும், இறங்கும். சில அதிர்வெண்களில் எழுதியதைப் போல் மூன்று நான்கு மடங்குக்கும் போகும்.

இந்த 4 ஓமை அப்படியே ‘பி’யில் மாட்டினால், முன்னறையின் 8 ஓமோடு சேர்ந்து மொத்தம் 2.67 ஓம். அதே 8 வோல்ட்டுக்கு முன்னறை 1 ஆம்பியரும் பின்னறை 2 ஆம்பியரும் இழுக்கும். ஆகாது. நம் ஆய்வகத்தில் படித்தபடி நான் சொன்ன வழி, ஒவ்வொரு கார் ஒலிபெருக்கியோடும் 4 ஓம் மின்தடை ஒன்றைத் தொடர் இணைப்பில் சேர்ப்பது. மொத்தம் 8 ஓம், 1 ஆம்பியர், ஒலிபெருக்கிக்கு 4 வாட்டு, மின்தடைக்கு 4 வாட்டு. கணக்கு சரி. மாமாவுக்கு மட்டும் அது பிடிக்கவில்லை. “பாப்பா, பாடாத சாமானுக்கு இன்னாத்துக்கு நாலு வாட்டு?” என்றார்.

மாமாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எட்டாம் வகுப்போடு நிறுத்தியவர். அவருக்கு ஓம் விதி தெரியாது என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள். மாசித் திருவிழாவில் தேரடியிலிருந்து தெருக்கோடி வரை பத்து ஹாரன் கட்டுவார். வீட்டு முறையில் 8 ஓம் வைத்து அதைச் செய்ய முடியாது. ஒரு சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பிக்குக் கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 17 ஓம் தடை. 200 மீட்டர் போய்த் திரும்ப 400 மீட்டர் கம்பி, 7 ஓம். 8 ஓம் ஒலிபெருக்கியைக் கடைசியில் மாட்டினால் பாதித் திறன் கம்பியிலேயே போய்விடும். அதற்காகத்தான் மைக் செட்டுப் பெருக்கிகளின் முதுகில் 4, 8, 16 ஓம் என்பதோடு 70 வோல்ட்டு, 100 வோல்ட்டு என்றும் முனைகள் இருக்கின்றன. 100 வோல்ட்டில் அனுப்பி, ஒவ்வொரு ஹாரன் அருகிலும் சிறிய மின்மாற்றி வைத்து இறக்கிக்கொள்வார்கள். 10 வாட்டு முனையில் மாட்டிய ஹாரன், கம்பிக்கு 1000 ஓமாகத் தெரியும். அதன் முன் 7 ஓம் தூசு. வடசென்னை அனல் மின் நிலையத்திலிருந்து மின்சாரம் 2,30,000 வோல்ட்டில் வெளியேறுவதும் இதே காரணத்தால்தான்.

அந்த முறையில்தான் உண்மையான பங்கீடு உண்டு. 100 வாட்டுப் பெருக்கி என்றால் 10 வாட்டு வீதம் பத்து ஹாரன். கோயில் வாசலுக்கு 20 வேண்டுமென்றால் வேறு இரண்டை 5க்கு இறக்க வேண்டும். மாமா இதைக் காகிதத்தில் எழுதுவதில்லை. விரல் விட்டு எண்ணுவார். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் வந்து, திறந்தவெளியில் இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது என்றாகி, குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல் என்று வரையறுத்த பிறகு ஹாரன்களுக்கு வேலை குறைந்துவிட்டது. பாதிக்கு மேல் பரணில் கிடக்கின்றன. விதி சரிதான் என்று மாமாவே சொல்வார். தேர்வு நேரத்தில் நானும் சொல்வேன்.

மாமா முதலில் செய்தது ஒரு சோதனை. சில பழைய ரிசீவர்களில், பெருக்கியைக் காப்பதற்காக, ‘ஏ+பி’ நிலையில் இரண்டு சோடிகளையும் தொடர் இணைப்பில் விட்டிருப்பார்கள். அந்த வகையில் ஆயா சொன்னதே நடக்கும். ஒவ்வொரு பெட்டிக்கும் பாதி மின்னழுத்தம். திறனோ கால் பங்குதான்! அதைக் கண்டுபிடிப்பது எளிது. பெட்டியை அணைத்துவிட்டு ‘பி’யின் கம்பியைக் கழற்றி, மீண்டும் போட்டு, குமிழை ‘ஏ+பி’யில் வைக்க வேண்டும். ‘ஏ’யும் ஊமையானால் தொடர் இணைப்பு. எங்களுடையது பாடியது. பக்க இணைப்பு.

பிறகு அவர் கார் ஒலிபெருக்கிகள் இரண்டையும் எடுத்து, ஒன்றின் வாலில் மற்றதன் தலையைச் சேர்த்தார். “சீரியல் செட்டு கட்றா மாதிரிதான்” என்றார். 4உம் 4உம் 8 ஓம். மின்தடை வேண்டியதில்லை, ஆளுக்கு 4 வாட்டு, வீண் ஒன்றுமில்லை. அந்த இரண்டையும் சேர்த்து ‘பி’யின் இடப்பக்க முனையில் மட்டும் மாட்டினார். வலப்பக்க முனை சும்மா இருந்தது. அப்படியானால் ஆயாவுக்கு ஸ்டீரியோ இல்லையே என்று நீங்கள் கேட்கலாம். ஆயா கேட்கும் பாடல்கள் பிறந்தபோதே ஸ்டீரியோ இல்லை. தமிழில் அந்த முறையில் பாடல் பதிவானது 1978இல் வந்த ‘ப்ரியா’விலிருந்துதான் என்பார்கள். ரிசீவரில் ‘மோனோ’ பொத்தானை அழுத்திவிட்டால் இடமும் வலமும் ஒன்றே. இரண்டும் ஒரே வகை ஒலிபெருக்கி என்பதால்தான் இப்படித் தொடராக இணைக்க முடிந்தது. வெவ்வேறு வகை என்றால் ஒன்றின் மின்மறுப்பு ஏறும்போது மற்றதன் பாட்டு கெடும். இன்னொன்றையும் மாமா எச்சரித்தார். இட முனையையும் வல முனையையும் எக்காரணம் கொண்டும் ஒன்றாக முறுக்கிவிடக் கூடாது. இரண்டு பெருக்கிகளும் ஒன்றையொன்று தின்றுவிடும்.

ஒரு குறை எஞ்சியது. ஒலிக் குமிழ் பெருக்கிக்கு முன்னால் இருப்பதால், ஆயாவுக்காகக் கூட்டினால் முன்னறைக்கும் கூடும். அப்போது மீன்பிடித் தடைக்காலம். 61 நாளும் அப்பா வீட்டில்தான். மாலையில் முன்னறையில் படுத்திருப்பார். மாமா சிரித்துக்கொண்டே ‘பேலன்ஸ்’ குமிழை இடப்பக்கம் திருப்பினார். இடப்பக்கத்தில் இருப்பவை ஆயாவின் இரண்டு பெட்டிகளும் முன்னறையின் ஒரு பெட்டியும். அந்த ஒன்று அம்மாவின் தையல் இயந்திரத்துக்குப் பின்னால் இருக்கிறது. அப்பாவின் தலைமாட்டில் இருக்கும் வலப் பெட்டி அடங்கிவிட்டது. பாதியாகக் குறைந்த திறனுக்கு நம் செவி 3 டெசிபல்தான் கணக்கு வைக்கிறது என்பதால், ஆயாவின் பெட்டிக்கு 8 வாட்டுக்குப் பதில் 4 போவதை யாரும் உணரவில்லை. மேலும் நான் கணக்குக்காகச் சொன்ன வாட்டெல்லாம் கணக்குக்குத்தான். வீட்டில் நாம் கேட்கும் சராசரி ஒலிக்கு ஒரு வாட்டே அதிகம்.

முதல் பாட்டு வந்தபோது ஆயா என்னை முன்னறைக்கு அனுப்பினார். அங்கே குறைந்திருக்கிறதா என்று பார்த்துவரச் சொன்னார். குறையவில்லை என்று சொன்னேன். இன்னொரு முறை போய்ப் பார்க்கச் சொன்னார். பிறகு, “அப்போ யாருக்குத்தான் கொறையுது?” என்று கேட்டார். யாருக்கும் குறையவில்லை, பெட்டிதான் கொஞ்சம் கூடுதலாக உழைக்கிறது, கொஞ்சம் சூடாகும் என்றேன்.

ரிசீவரின் மேல் அம்மா விரித்திருந்த பூவேலைத் துணியை எடுத்துவிட்டோம். மூடியிலுள்ள துளைகள் வழியாகத்தான் சூடு வெளியேற வேண்டும். ஒரு மணி நேரம் பாடிய பிறகு கை வைத்துப் பார்த்தால், டீக்கடைக் கண்ணாடித் தம்ளரைப் பிடிக்கிற சூடு. அவ்வளவுதான். இருந்தாலும் இப்போது மாலைதோறும் பாட்டுக்கு நடுவே பின்னறையிலிருந்து குரல் வருகிறது: “பொட்டிய தொட்டுப் பாரு கண்ணு, ரொம்ப சூடாயிருந்தா என்னுத நிறுத்திடு.”